‘தவிர்க்க முடியாதபடி’ — யாரால்?

ஆங்கிலத்திலே ‘இனெவிற்றபிளி’ என்றொரு வினையடை உண்டு. வரலாறு, புவியியல், பொருளியல், சமூகவியல் என எத்துறை நூலைப் புரட்டினும் அச்சொல் எதிர்ப்படும். 1960 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே தாய்மொழிவழிக் கல்வி நடைபெற்று வருகின்றது. அன்று தொட்டு ஆங்கில நூல்களிலிருந்து விரிவுரைக் குறிப்புகளுக்கும், விரிவுரைக் குறிப்புகளிலிருந்து பரீட்சை விடைத்தாள்களுக்கும் அச்சொல் ‘தவிர்க்க முடியாதபடி’ என்றும், ‘தவிர்க்கவியலாத வகையில்’ என்றும், சிற்சில வேளைகளில் ‘இயல்பாகவே’ என்றும் பெயர்ந்து வந்து குடியேறிவிட்டது. இந்நாட்டிற் குடியேறியவற்றுள் இதற்குப் பிரசாவுரிமை வழங்குவதில் மட்டும் எவரும் தயக்கங் காட்டியதாகத் தெரியவில்லை.

ஒரு சொல் வந்து சேர்வதில் தவறொன்றுமில்லை. அது எவரைப் பற்றிய வாக்கியங்களிலே வந்து அமர்கின்றது என்பதே நோக்கற்பாலது. பெருந்தோட்ட மக்களைப் பற்றி, குறிப்பாக இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்ரகமுவத் தோட்ட மக்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிலே இச்சொல்லின் ஆட்சி அளவு கடந்தது. 1948 இன் பின்னர் அவர்கள் தவிர்க்க முடியாதபடி நாடற்றவராயினர். 1964 இன் பின்னர் தவிர்க்க முடியாதபடி இந்தியா சென்றனர். எஞ்சியோர் இன்று தவிர்க்க முடியாதபடி சிங்களவராகி வருகின்றனர். இம்மூன்று வாக்கியங்களையும் சிறிது மாற்றியும் விரித்தும் எழுதிவிட்டாற் சப்ரகமுவத் தமிழரின் வரலாறு முடிந்துவிட்டது என்றே பலரும் கருதுகின்றனர். மலையகம் எனின் ஹற்றனும் நுவரெலியாவும் பதுளையுமே என்று கொண்டு, றப்பர்த் தோட்டங்களை அடிக்குறிப்பிலே தள்ளிவிடும் ஆய்வாளருக்கு இவ்வினையடை பேருதவி புரிகின்றது. தாம் போய்ப் பார்க்காத ஓரிடத்தின் கதையை அது அவர்களுக்காக முடித்துக் கொடுக்கின்றது.

இம்மூன்று வாக்கியங்களும் பிழையானவை. அவற்றின் பிழையை எடுத்துக்காட்டுதற்குத் தமிழ் இலக்கணமே போதியது.

முதலில் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். இது இலத்தீனிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற்கு வந்த பெயரடையினின்று பிறந்தது. ‘எவிற்றாறே’ என்னும் இலத்தீன் வினைக்கு விலகிச் செல்லுதல், தப்பித்துக்கொள்ளுதல் என்பது பொருள். ஆகவே அச்சொல்லின் அடியிலே விலகிச் செல்ல முயலும் ஒருவர் இருந்தார். காலப்போக்கில் அவர் மறைந்துபோனார். ஆங்கிலத்திலேயே இதற்கு உறவான மற்றொரு வினையடை ‘அனவொயிடபிளி’ என்பது. கூட்டத்துக்கு வர இயலாத ஒருவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதும்பொழுது தாம் ‘அனவொயிடபிளி’ தடைப்பட்டதாக எழுதுவார். ‘இனெவிற்றபிளி’ தடைப்பட்டதாக எழுதமாட்டார். முன்னையதில் ஓர் ஆள் நிற்கின்றார். முயன்றார், இயலவில்லை, அதனால் வருந்துகின்றார். பின்னையதில் ஆள் இல்லை. நிகழ்ச்சி மட்டுமே உண்டு. ஆள் இல்லாத இடத்தில் வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அதுமட்டுமன்று. அன்றாட ஆங்கிலத்திலே இச்சொல் மேலும் தேய்ந்து, ‘எதிர்பார்த்தவாறே’, ‘வழக்கம்போல’ என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது. புகைவண்டி பிந்தி வந்தது என்பதைக்கூட இச்சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்துச் சலிப்போடு கூறுவர். அங்கே பேசப்படுவது நியதி அன்று, பழக்கம். ஆனால் தமிழுக்கு வரும்பொழுது சலிப்பாகச் சொன்னதும் ‘தவிர்க்க முடியாதபடி’ என்ற முழுக் கனத்தையும் ஏற்றுக்கொண்டு வருகின்றது. புகைவண்டியின் தாமதம் வானசாத்திரம் ஆகிவிடுகின்றது.

இனித் தமிழை நோக்குவோம். ‘முடியும்’, ‘முடியாது’ என்னும் வினைகள் தமிழிலே தனித்து நிற்கும் இயல்பின அல்ல. அவை மூன்றாம் வேற்றுமையை அவாவி நிற்பன. அவனால் முடியும், என்னால் முடியாது, அரசினால் முடியவில்லை என்று ‘ஆல்’ உருபு ஏற்ற ஒரு பெயர் வந்தன்றி அவற்றின் பொருள் நிறைவு பெறாது. அப்பெயர் தொக்கு நிற்கலாம். ஆனால் கேட்போன் ‘யாரால்?’ என வினவினால் அதனை வருவித்துரைக்கும் கடப்பாடு சொன்னோனுக்கு உண்டு. ‘தவிர்க்க முடியாதபடி’ என்னும் தொடர் அக்கடப்பாட்டினைத் தட்டிக்கழிக்கின்றது. வினையெச்சமாக ஒடுங்கி வாக்கியத்தின் நடுவிலே பதுங்கிக்கொள்வதால் ‘யாரால்?’ என்று கேட்கும் எண்ணமே வாசகனுக்கு எழுவதில்லை.

தமிழிலே மற்றுமோர் ‘ஆல்’ உண்டு. பழைய இலக்கணகாரர் ‘செயின்’ என்னும் வாய்பாட்டாற் சுட்டிய எச்சம் இன்று ‘செய்தால்’ என வழங்குகின்றது. மழை பெய்தால், சட்டம் வந்தால், ஆசிரியர் இல்லாவிட்டால் என வரும் இந்த ‘ஆல்’ நிபந்தனையைக் காட்டுவது. உலகிலே தவிர்க்க முடியாதன எனக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இந்த ஆலுக்குக் கட்டுப்பட்டவையே. இன்னது செய்தால் இன்னது விளையும், செய்யாவிட்டால் விளையாது. வினையடையோ நிபந்தனையை விழுங்கிவிட்டு விளைவை மட்டும் வெளியே காட்டுகின்றது. வேற்றுமையுருபாகிய ‘ஆல்’ ஒன்று, எச்ச ஈறாகிய ‘ஆல்’ மற்றொன்று. ஆளையும் நிபந்தனையையும் ஒருங்கே விழுங்கிய சொல் இது.

தோட்டத்து மக்களின் பேச்சு இவ்விடயத்திற் கட்டுரையாளரின் நடையினுஞ் செப்பமானது என்பது வியப்புக்குரியதன்று. லயத்திலே வாழும் ஒருவர் ‘வேற வழியில்லாம போனோம்’ என்பார். வழி இல்லாதவர் யார் என்பது அவ்வாக்கியத்திலே தெளிவு. வழி தேடப்பட்டது என்பதும் தெளிவு. ‘தலையெழுத்து’ என்று அவர் சொல்வதும் உண்டு. எழுத்து எனின் எழுதியவன் ஒருவன் இருத்தல் வேண்டும் என்பதை அச்சொல்லே ஒப்புக்கொள்கின்றது. ‘விதி’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஊழைக் குறிப்பதும் அதுதான், சட்டத்தின் ஒழுங்குவிதியைக் குறிப்பதும் அதுதான். கொழும்பிலே அச்சிடப்பட்ட விதி யட்டியாந்தோட்டையிலே தலைவிதியாகியது என்று சொன்னால் அதிற் சிலேடை எதுவும் இல்லை, நிகழ்ந்தது அதுவே. வள்ளுவர் ஊழுக்கு முப்பத்தெட்டாம் அதிகாரத்தை ஒதுக்கியவர் ஆள்வினையுடைமைக்கு அறுபத்திரண்டாம் அதிகாரத்தை ஒதுக்கினார் என்பதையும் இவ்விடத்து நினைத்துக்கொள்ளலாம்.

நிற்க. தவிர்க்க முடியாதது எதுவுமே இல்லையா எனின், உண்டு. அதனைக் காண்பதற்கும் சப்ரகமுவத் தோட்டமே தக்க இடம். றப்பர் மரத்தை விடியற்காலையில் வெட்டுவர். அக்குளிர்ச்சியிலேதான் பால் மிகுதியாக வடியும். வடிந்த பால் சில மணி நேரத்திற்குள் உறையத் தொடங்கும். இதனை எந்தத் துரையாலும் எந்த அமைச்சராலும் தவிர்க்க முடியாது. பட்டை நனைந்திருந்தால் வெட்டிய பால் வெட்டுவாயின் வழியே சிரட்டைக்குச் செல்லாது. மரத்தின் உடம்பெல்லாம் பரவி மழையோடு கரைந்து போகும். இதுவும் மரத்தின் இயல்பு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மழைக்குக் குறைவில்லை என்பது எவரும் அறிந்தது. ஆகவே மழை நாளிற் பால் வெட்ட முடியாது என்பது வரையில் வாக்கியம் உண்மை. அடுத்த வாக்கியம் வருகின்றது: ‘ஆகவே, தவிர்க்க முடியாதபடி அன்று தொழிலாளிக்குப் பேர் இல்லை.’ மழைக்கும் மரத்துக்கும் இடையில் இருந்த நியதி, எவ்வித அறிவிப்புமின்றி, தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையிலான கணக்காக மாறிவிட்டது. மரம் பேர் போடுவதில்லை. செக்றோலில் எழுதுபவர் ஓர் ஆள். வேறு வேலை கொடுப்பதா, அரைப்பேர் போடுவதா, வெறுங்கையோடு லயத்துக்கு அனுப்புவதா என்பதும் ஓர் ஆளின் தீர்மானம். அதுவுமன்றி, வெட்டுவாய்க்கு மேலே பொலித்தீனாற் பாவாடைபோற் கட்டும் மழைக்காப்பு முறை நெடுங்காலமாக அறியப்பட்டது. அகலவத்தையிலுள்ள றப்பர் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்து வருவது. கட்டினால் வேலை நாட்கள் கூடும், கட்டுவதற்குச் செலவாகும். செலவு செய்வதில்லை என்ற முடிவைத்தான் பல வேளைகளில் மழை என்று அழைக்கின்றார்கள்.

இயற்கையின் நியதி எது, மனிதனின் முடிவு எது என்று பிரித்தறிவதற்கு இந்த ஒரு மரமே போதும். இதே அளவுகோலை முற்கூறிய மூன்று வாக்கியங்களின்மேல் வைத்துப் பார்ப்போம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இந்தியத் தமிழர் என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தவில்லை. நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என்று மட்டுமே அது கூறிற்று. பிறப்புச் சான்றிதழ் என்பது அருமையாயிருந்த காலத்துத் தோட்ட லயங்களில் இந்நிபந்தனை எவரை வெளியே நிறுத்தும் என்பது சட்டத்தை வரைந்தோருக்குத் தெரியாததன்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலில் நின்று ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உள்ளே விடப்பட்டோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். அதே 1949 இல் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகள் அல்லாதோரின் வாக்குரிமையைப் பறித்தது.

இது நீதிமன்றத்திலே கேள்விக்குட்பட்டது. அவ்வழக்குப் பிறந்த இடம் சப்ரகமுவ என்பதை மலையக வரலாறு எழுதுவோர் போதிய அளவு வற்புறுத்துவதில்லை. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்க வேண்டும் எனக் கோடகன் பிள்ளை என்பார் கோரினார். அவர் பிரசை என நிலைநாட்டப்படவில்லை என்று பதிவு அலுவலர் மறுத்தார். விடயம் திருத்த அலுவலராகிய சிவஞானசுந்தரம் முன்னிலையிற் சென்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு ஒரு சமூகத்தவருக்கு மட்டும் இயலாமைகளை விதிக்கும் சட்டத்தைத் தடைசெய்தது. இச்சட்டங்கள் அப்பிரிவை மீறுவன, ஆதலின் வலிதற்றவை என்று அவ்வலுவலர் தீர்ப்புக் கூறினார். ஒரு மாவட்டத்தின் இடாப்பைத் திருத்த வந்த அலுவலர் நாட்டின் பாராளுமன்றத்தை நோக்கி ‘யாரால்?’ என்று கேட்ட அரிய சந்தர்ப்பம் அது. 1951 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை, அவற்றில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது அதன் நோக்காயிருந்தது. 1953 இற் பிரித்தானியக் கோமறை மன்றமும் மேன்முறையீட்டை நிராகரித்தது. தன் குடிமக்கள் யாவர் எனத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் பிரசைகளாவதற்குத் தக்கவரோ என்ற வினாவோடு தொடர்புடையதே என்றும் அம்மன்றம் கருதியது.

சட்டத்தின் சொல்லிலே ஆள் இல்லை, சமூகம் இல்லை. விளைவில் மட்டும் ஒரு சமூகம் முழுவதும் இருக்கின்றது. விளைவு ‘தவிர்க்க முடியாதபடி’ நேர்ந்தது என்று எழுதும் மாணவன், தான் அறியாமலே, அன்று அரசு தரப்பு வைத்த வாதத்தையே வழிமொழிகின்றான். அச்சட்டம் வந்தால் இவ்விளைவு வரும் என்பது உண்மை. அச்சட்டம் வந்தாக வேண்டும் என்று எந்த மழையும் சொல்லவில்லை. வாக்களித்தோரின் கைகள் எண்ணப்பட்டன. எதிர்த்து வாக்களித்தோரும் இருந்தனர். 1936 இலும் 1947 இலும் என். எம். பெரேராவைத் தெரிவு செய்த தொகுதியாகிய ருவான்வெல்லையிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு யாருக்கு இடைஞ்சலாயிருந்தது என்பது அரசறிவியல் மாணவருக்கு விளக்கிக் கூறவேண்டியதன்று. இவை யாவற்றுக்கும் மேலாக, நாடற்ற நிலை தவிர்க்க முடியாத ஒன்றாயின் அது 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்களாலும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் நீங்கியிருத்தல் கூடுமா? பாராளுமன்றம் கையுயர்த்தி ஆக்கியதைப் பாராளுமன்றமே கையுயர்த்தி நீக்கியது. இடையிற் சென்றவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இரண்டாம் வாக்கியம் இதனினும் நகைப்புக்குரியது. 1964 ஒக்ரோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை நாடற்றோரை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணக்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். பின்னர் பார்த்துக்கொள்ளப்பட்ட முறை யாதெனில், 1974 இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அத்தொகையைச் சரிபாதியாக, 75 ஆயிரம், 75 ஆயிரம் எனப் பிரித்துக்கொண்டமையாகும். வரலாற்று நியதி ஒன்று ஒரு தலைகூடக் கூடாமலும் குறையாமலும் மனிதரைச் சரிபாதியாகப் பிரிக்கும் என்பது நம்பற்பாலதா? பேரம் பேசுவோரே அவ்வாறு பிரிப்பர். பேரம் பேசப்பட்ட மேசையிலே பிரிக்கப்பட்டோர் சார்பில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. 1953 இல் இடம்பெயரும் பழக்கமுடையோர் எனத் தீர்ப்பெழுதப்பட்டவர்களைப் பதினொரு ஆண்டு கழித்துக் கப்பலேற்றும் ஏற்பாட்டைச் செய்ததனால், அத்தீர்ப்பு முன்னறிந்து எழுதப்பட்டதுபோல் ஆயிற்று.

குடிசனமதிப்பு அறிக்கைகளை எடுத்துக்கொண்டு இதே வினையடையைப் புள்ளிவிவரமாக மாற்றுவோரும் உளர். இந்தியத் தமிழர் 1971 இற் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981 இற் சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம். இக்கோட்டை அப்படியே கீழ்நோக்கி நீட்டினால் ஒருநாள் அது பூச்சியத்தைத் தொடும் என்று காட்டுவது எளிது. அப்பத்தாண்டுகளில் ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் எத்தனை பேர், அச்சத்தினாலோ வேறு காரணத்தினாலோ இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோர் எத்தனை பேர் என்பவை அக்கோட்டின் ஓரத்திலே எழுதப்படுவதில்லை.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தையும் இவ்விடத்துக் கூறாதிருத்தல் இயலாது. உலகச் சந்தையிலே தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின; சிறிய நாடொன்றால் அதனைத் தடுத்திருக்க முடியாது; இதுவரை உண்மை. ஆனால் 1974 இல் மரணவீதம் மிகக் கடுமையாக உயர்ந்தது தோட்டத்துறையிலேயே. கிராமத்தவன் மரவள்ளி நட்டுக்கொள்ளத் துண்டு நிலம் வைத்திருந்தான். கூப்பன் மாவை நம்பியிருந்த தொழிலாளிக்கு நிலமும் இல்லை, வாக்கும் இல்லை. ஒரே விலையேற்றம் வேலிக்கு இப்பால் ஒரு தொகையினரையும் அப்பால் வேறொரு தொகையினரையும் கொல்லுமாயின், கொன்றது விலையேற்றம் மட்டுமன்று, வேலியும் ஆகும். 1972 இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975 இன் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டது. உள்ளூர்ச் சொந்தக்காரரின் தோட்டங்கள் மலிந்த கேகாலையையும் இரத்தினபுரியையும் இவை ஆழமாகத் தொட்டன. நிலம் கைமாறியபொழுதும் அந்நிலத்திலேயே பிறந்து உழைத்தவர் நிலம் பெறத் தக்கோர் நிரலில் இடம்பெறவில்லை.

1977 ஓகஸ்ற், 1981 ஓகஸ்ற், 1983 யூலை ஆகிய மாதங்களைப் பற்றி இங்கு விரித்துரைத்தல் வேண்டா. 1981 இல் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளின் தோட்டங்களிலும் கடைத்தெருக்களிலும் நிகழ்ந்தவற்றை அவ்வூரார் மறக்கவில்லை. ‘கலவரம் வெடித்தது’, ‘வன்முறை மூண்டது’ என்னும் வினைகள் நம் வினையடையின் நெருங்கிய உறவினர் என்பதை மட்டும் சுட்டுதல் தகும். எரிமலை வெடிக்கும், காட்டிலே தீ மூளும், லயத்துக்கு ஆள் வந்து தீ வைப்பான்.

இயற்கை அனர்த்தம் என்ற தலைப்பின்கீழும் இச்சொல் ஒளிந்துகொள்கின்றது. 2014 ஒக்ரோபர் 29 இற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலைச்சரிவு கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயத்தில் இருந்தோரும் மாண்டனர். பெருமழையை எவராலும் நிறுத்த முடியாது. ஆனால் லயம் எந்தச் சரிவிலே நிற்க வேண்டும் என்பதை அதில் வாழ்பவர் எக்காலத்திலும் தீர்மானித்ததில்லை. தமக்கென்று காணி இல்லாதவர் எச்சரிக்கை கேட்டு எங்கே எழுந்து செல்வது? மழையின் பங்கு எவ்வளவு, காணியின் பங்கு எவ்வளவு எனப் பிரித்து எழுதாமல் ‘தவிர்க்க முடியாத அனர்த்தம்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது ஆய்வும் ஆகாது, அனுதாபமும் ஆகாது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். சமூக விஞ்ஞானம் காரண காரியத் தொடர்பைத் தேடுவது; நிகழ்ந்தவற்றுக்கு நியதி காண்பது; அதனை மறுத்தால் வரலாறு தனிமனிதரின் விருப்பு வெறுப்புகளின் கதையாகிவிடாதா? இத்தடை மதிக்கத்தக்கதே. ஐசாயா பேர்ளின் 1953 இல் வரலாற்றுத் தவிர்க்கவியலாமை பற்றி ஆற்றிய உரையில், அக்கொள்கை மனிதரின் பொறுப்பைக் கரைத்துவிடும் என்று சாடினார். ஈ. எச். கார் 1961 இல் வெளியான ‘வரலாறு என்றால் என்ன?’ என்னும் நூலிலே பேர்ளினை மறுத்து, காரணங்களைத் தேடுவதே வரலாற்றாசிரியனின் தொழில் என நிலைநாட்டினார். ஆனால் சுவையான செய்தி யாதெனில், பேர்ளினை மறுத்த காரும் இவ்வினையடையை விரும்பவில்லை. வரலாற்றாசிரியன் அதனைக் கைவிட்டுக் கவிஞர்க்கும் மெய்யியலார்க்கும் விட்டுவிடலாம் என்றே அவர் கருதினார். காரணங் கூறுதல் வேறு, தவிர்க்க முடியாதது என்றல் வேறு. காரணங்களை எடுத்துரைத்தவனுக்கு இவ்வினையடை தேவைப்படாது. காரணம் கூறாதவனுக்கே அது தேவைப்படும். பொதுவுடைமை அறிக்கையின் முதல் இயல் தொழிலாளரின் வெற்றி தவிர்க்க முடியாதது என்று முடிகின்றது என்பதைச் சிலர் நினைவூட்டலாம். அங்கே அச்சொல் தொழிலாளரை எழுப்புதற்குச் சொல்லப்பட்டது. இங்கே தொழிலாளரைப் புதைப்பதற்குச் சொல்லப்படுகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் இடதுசாரி நண்பர்கள் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாம் வாக்கியமே இன்று உயிரோடிருப்பது. சப்ரகமுவத் தமிழர் தவிர்க்க முடியாதபடி சிங்களவராகி விடுவர் என்று கூறுவோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார் அதை மகிழ்ச்சியோடு கூறுவர். அவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. மறுதிறத்தார் தமிழர், பெருமூச்சோடு கூறுவர். அப்பெருமூச்சிலே துயரத்தை விட ஆறுதலே மிகுதி. போகத்தான் போகின்றார்கள் என்றால் அவர்களுக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லையல்லவா?

நிலைமை கடினமானது என்பதை மறைத்தற்கில்லை. உயர்மலைத் தேயிலைத் தோட்டங்களைப் போல இத்தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடுத்து நிற்பனவல்ல. தெஹியோவிட்ட, தெரணியகலை, யட்டியாந்தோட்டை முதல் பெல்மதுளை, இறக்குவானை வரையில், சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள்போற் சிதறிக் கிடப்பன. கடை, பேருந்து, வைத்தியசாலை, பொலிஸ் நிலையம் யாவும் சிங்களத்தில் இயங்குவன. பிள்ளை சிங்களம் கற்பது நன்று. அண்டை வீட்டாரின் மொழியை அறியாதிருத்தல் பெருமையாகாது. சிங்களப் பாடசாலையைத் தெரிந்தெடுத்த பெற்றோரைக் குறைகூறும் உரிமையும், அச்சத்தால் பெயரை மாற்றிக்கொண்டோரை இகழும் உரிமையும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து எழுதும் எவருக்கும் இல்லை. கேள்வி வேறு. தெரிந்தெடுத்தல் என்று ஒன்று நிகழ்வதற்கு இரு பாடசாலைகள் இருக்க வேண்டும். தமிழ்ப் பாடசாலை எட்டாத தூரத்திலும், இருக்கும் பாடசாலையிலே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாமலும், உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு மாவட்டம் தாண்டிச் செல்ல வேண்டியும் இருக்கும்பொழுது, சிங்களப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை எதையும் தெரிந்தெடுக்கவில்லை. அப்பிள்ளையின் தாய் இதனைச் சரியாகவே சொல்வாள்: வேறு வழியில்லாமல் சேர்த்தோம் என்பாள். அவளுடைய வாக்கியத்தை எடுத்து ஆய்வுக் கட்டுரையில் மொழிபெயர்க்கும்பொழுது அது ‘தவிர்க்க முடியாத மொழிப் பெயர்ச்சி’ ஆகின்றது. வழி இல்லை என்றாள் அவள். வழி இருக்கவே முடியாது என்று எழுதுகின்றார்கள்.

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களிலே வருந்தோறும் மலையகம் பற்றிய கட்டுரை ஒன்றேனும் வெளிவருகின்றது. அவற்றிலே இவ்வினையடை வருமிடமெல்லாம் அதனை நீக்கிவிட்டு, விழுங்கப்பட்ட இரண்டு ‘ஆல்’களையும் மீட்டு எழுதிப் பார்ப்பது எவர்க்கும் இயலும் பயிற்சி. வாக்கியம் நீளும், சில பெயர்களை எழுத நேரும், பரீட்சகர் ஓரத்திலே வினாக்குறி இடவுங் கூடும். மூன்றாம் வாக்கியம் அப்பொழுது ஏறக்குறைய இவ்வாறு அமையும்: இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பகுதிப் பிள்ளைகள், தமிழ்மொழிமூலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் உரியவர்களால் நியமிக்கப்படாவிட்டால், ஒரு தலைமுறைக்குள் தமிழ் எழுத வாசிக்க அறியாதோராவர், நியமிக்கப்பட்டால் ஆகமாட்டார், நியமிக்கும் அதிகாரம் மாகாணப் பாடசாலைகளைப் பொறுத்தவரை சப்ரகமுவ மாகாணக் கல்வி நிருவாகத்திடமும், தேசிய பாடசாலைகளைப் பொறுத்தவரை மத்திய கல்வி அமைச்சிடமும் உள்ளது.